ஒட்டுண்ணி என்றொரு சொல்: ஒரு காட்டுப் பூஞ்சையும் ஒரு வெள்ளை ஈரல் செடியும்

பாசி என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். கிணற்றுப் படியில் காலை வழுக்கிவிடுவதும் பாசி, குளத்தில் மிதப்பதும் பாசி, ஐப்பசி மழையில் மதில்சுவரில் பச்சை பூத்துக் கிடப்பதும் பாசி. தாவரவியல் படித்தவர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். ஆல்கா வேறு, மாஸ் வேறு, ஈரல் செடி வேறு என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் மக்கள் வழக்கிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது. பாசி என்ற சொல்லின் வேரிலேயே பசுமை இருக்கிறது. ஈரத்தில் பச்சையாய்ப் படர்வது எதுவோ அது பாசி, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் பூசணம், பூஞ்சை, காளான். இவை பச்சை இல்லாதவை. பண்டம் கெட்டால் பூசணம் பூத்துவிட்டது என்கிறோம். நோஞ்சான் உடம்பைப் பூஞ்சை உடம்பு என்கிறோம். நேற்று வரை இல்லாதது இன்று தெருவெங்கும் முளைத்தால் காளான் மாதிரி என்கிறோம். ஆக ஒரு பக்கம் பச்சை, உயிர்ப்பு, விளைவு. மறு பக்கம் வெளிறல், அழுகல், பலவீனம். அமைப்பியல்காரர்கள் சொல்லும் இருமை எதிர்வு நம் வாய்ச்சொல்லிலேயே இப்படிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்த எதிர்வுக்குள் அடங்காத ஓர் உயிரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது நம் ஊரில் இல்லை. வடக்கு ஐரோப்பாவில், பிர்ச் மரங்கள் நிற்கும் சதுப்புக் காடுகளில், ஸ்ஃபேக்னம் என்னும் மாஸ் மெத்தைக்குக் கீழே, கறுத்த பீட் மண்ணுக்கு மேலே, வெளிச்சமே படாத இடத்தில் கிடக்கிறது. மெத்தையைக் கையால் விலக்கிப் பார்த்தால் வெள்ளையாய், கொஞ்சம் எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்போடு, ஒழுங்கற்ற மடல்களாகக் கிளைத்துக் கிடக்கும். நீளம் ஒரு விரல்கணு, மிஞ்சிப்போனால் இரண்டு. முதல் பார்வையில் யாரும் பூஞ்சை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது செடி. ரிக்ஸியா, மார்கான்ஷியா என்று கல்லூரிச் சோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகட்டில் பார்த்திருப்பீர்களே, அந்த ஈரல் செடிக் கூட்டத்தைச் சேர்ந்தது. உலகில் ஏறக்குறைய 7,000 வகை ஈரல் செடிகள் இருக்கின்றன. அவற்றில் பச்சையத்தை முற்றாகக் கைவிட்டது என்று தாவரவியல்காரர்கள் காட்டுவது இதைத்தான்.

1933இல் ஸ்வீடனில் கிடைத்ததை வைத்து மால்ம்போர்க் என்பவர் இதற்குக் கிரிப்டோதாலஸ் மிராபிலிஸ் என்று பெயரிட்டார். கிரிப்டோ என்றால் மறைந்த. தாலஸ் என்றால் வேர், தண்டு, இலை என்று பிரியாத உடல். மிராபிலிஸ் என்றால் வியப்புக்குரியது. ஆங்கிலத்தில் கோஸ்ட்வொர்ட், அதாவது பேய்ச்செடி. பேய் என்பதும் பச்சை இல்லாததால் வந்த பெயர்தான். இது அரிய செடி என்று நூல்கள் சொல்லும். அரிதா, அல்லது மாஸைத் தூக்கிப் பார்த்தவர்கள்தான் குறைவா என்று கேட்கலாம். ஆவணத்தில் இல்லாதது எல்லாம் உலகிலும் இல்லை என்று எண்ணும் பழக்கம் வரலாற்றுக்காரர்களுக்கு மட்டும் உரியது அல்ல.

இன்னொரு உயிர், இந்தச் செடியின் கூட்டாளி, அல்லது இரை, அல்லது புரவலர் (எந்தச் சொல் என்பதுதான் பிரச்சினை, பிறகு வருகிறேன்), துலாஸ்னெல்லா என்னும் பூஞ்சை. பெயர் பிரெஞ்சுக்காரர்களான துலாஸ்ன் சகோதரர்கள் நினைவாக வைத்தது. 19ஆம் நூற்றாண்டில் பூஞ்சைகளை இருவருமாகச் சேர்ந்து ஆராய்ந்தவர்கள் அவர்கள். இந்தப் பூஞ்சைக்குக் குடை கிடையாது, தண்டு கிடையாது. காட்டில் விழுந்து மட்கும் கட்டையைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் மெழுகு பூசியது மாதிரி ஒரு மெல்லிய படலம், சில சமயம் இளஞ்சிவப்போ வெளிர் ஊதாவோ கலந்து, ஒட்டிக் கிடக்கும். அதுதான் அதன் காய்ப்பு. தெரியாதவர் கண்ணுக்குக் கட்டையின் கறை. ஆக இரண்டுமே கண்ணுக்குத் தப்பியவை. ஒன்று மாஸுக்கு அடியில், மற்றது கட்டைக்கு அடியில்.

*

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கொஞ்சம் உயிரியல் பாடம் மாதிரி ஆகிவிடும், வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாடம் இல்லாமல் மேலே பேசுவது வெறும் வாய்ப்பந்தல்.

செடியின் செல்சுவர் செல்லுலோஸ். பருத்தியும் காகிதமும் எதனால் ஆனதோ அதே. பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின், நண்டின் ஓட்டில் இருப்பது. செடி உபரியை மாவுச்சத்தாகச் சேமிக்கும். பூஞ்சை கிளைக்கோஜனாகச் சேமிக்கும், நம் ஈரலில் சேமிக்கப்படுவதும் அதுதான். ஈரல் என்ற பெயர் செடிக்குப் போய்விட்டது, ஈரலின் சரக்கு பூஞ்சையிடம் இருக்கிறது. பார்க்கப் போனால் பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய உறவு. 1993இல் வெளிவந்த மூலக்கூறு ஆய்வுகள் இதை நிறுவின. அதற்கு முன்பே, 1969இல், விட்டேக்கர் உயிர்களை ஐந்து பேரரசுகளாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்குத் தனி ஆட்சி கொடுத்துவிட்டார். அதற்கும் முன்னால் நிலைமை வேறு. லின்னேயஸ் 1753இல் பூ பூக்காதவற்றை எல்லாம் கிரிப்டோகேமியா, அதாவது மறைவான மணம், என்ற ஒரே மூட்டையில் கட்டி 24ஆம் வகுப்பாகக் கடைசியில் வைத்தார். மார்கான்ஷியா, ரிக்ஸியா, லைக்கன், கடல்பாசி எல்லாம் அதில் ஒரே அறையில். காளான்கள் அடுத்த அறையில். நம் ஊர் 'பாசி'யைக் கிண்டல் செய்ய முடியாது பாருங்கள், ஐரோப்பாவின் மாபெரும் வகைப்பாட்டாளரும் ஏறத்தாழ அதையேதான் செய்திருக்கிறார்.

உடல் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. ஈரல் செடியாக நாம் காணும் உடல் ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டது. தென்னை, மா போன்றவற்றில் மரமாக நிற்பது இரட்டைத் தொகுதி உடல். ஒற்றைத் தொகுதி மகரந்தத்துக்குள்ளும் சூலுக்குள்ளும் ஒடுங்கிவிடும். ஈரல் செடியில் நேர்மாறு. ஒற்றை உடல்தான் வாழ்கிறது, தவழ்கிறது, கிளைக்கிறது. இரட்டை உடல் சிறு காம்பும் அதன் நுனியில் ஒரு காயுமாகத் தாயின் மேல் நின்று, வித்துகளைச் சிதறிவிட்டு வாடிப்போகும். காய்க்குள் வித்துகளோடு சுருள்வில் மாதிரி இழைகள் இருக்கும். காய்ந்து முறுக்கிக்கொள்ளும்போது வித்துகள் உதிரும். நம் வெள்ளைச் செடியும் இதையே செய்கிறது. வசந்தத்தில் அதன் காய் வெளிறிய காம்பின் மேல் எழும். ஆண் செடி தனி, பெண் செடி தனி, ஆண் சிறியது.

துலாஸ்னெல்லா சேர்ந்த பெரும் பிரிவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. இரண்டு இழைகள் கூடும்போது அவற்றின் உட்கருக்கள் உடனே ஒன்றாவதில்லை. ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் பக்கத்தில் பக்கத்தில், கலக்காமல், நெடுங்காலம் குடித்தனம் நடத்தும். வித்து உண்டாக்கும் நேரம் வரும்போதுதான் கலக்கும். ஒற்றையும் அல்ல, இரட்டையும் அல்ல, இரண்டு ஒற்றைகள். இதற்கு நம் கணக்கில் எண் இல்லை.

உணவு முறைதான் முக்கியம். செடி என்றால் வெளிச்சத்திலிருந்து சர்க்கரை செய்யும். பூஞ்சை என்றால் நொதிகளை வெளியே விட்டு, வெளியிலேயே செரித்து, உறிஞ்சும். பள்ளிப் புத்தகத்தில் ஒன்று உற்பத்தியாளர், மற்றது சிதைப்பவர். வெள்ளை ஈரல் செடி இரண்டும் செய்வதில்லை. மண்ணிலிருந்து இதன் செல்களுக்குள் துலாஸ்னெல்லாவின் இழைகள் நுழைந்து, நூல்கண்டு மாதிரி சுருண்டு நிறைகின்றன. சில காலம் கழித்து அந்தச் சுருள்கள் தளர்ந்து, கட்டியாகி, கரைந்துபோகின்றன. செடி பூஞ்சையைச் செரித்துவிடுகிறது.

உற்பத்தியாளர் என்று பெயர் வாங்கியது தின்கிறது. சிதைப்பவர் என்று பெயர் வாங்கியது தின்னப்படுகிறது. இங்கே நின்று, ஆகா எதிர்வு தலைகீழாகிவிட்டது என்று கைதட்டி முடித்துக்கொள்ளலாம். அப்படிச் சில கட்டுரைகள் முடிவதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் தலைகீழாக்குவது கட்டுடைப்பு ஆகாது. மேலே இருந்ததைக் கீழே வைத்தாலும் ஏணி ஏணியாகவேதான் இருக்கும். கதையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைச் சேர்த்தால்தான் ஏணி ஆட்டம் காணும்.

*

மால்ம்போர்க் தன் கட்டுரைத் தலைப்பிலேயே இந்தச் செடியைச் சாறுண்ணி என்று அழைத்திருந்தார். அழுகியதைத் தின்று வாழ்வது என்று பொருள். பச்சை இல்லாத, வேறொரு செடியின் மேல் தொற்றிக்கொள்ளாத எல்லாச் செடிகளுக்கும் அன்று அதுதான் பெயர். மட்கில் முளைக்கிறது, ஆகவே மட்கைத் தின்கிறது. கண்ணுக்குத் தெரிந்த அருகாமையை வைத்துச் செய்த ஊகம். இப்படிச் சொல்லப்பட்ட செடிகள் எவையும் மட்கை நேரடியாகத் தின்பதற்குச் சான்றில்லை, எல்லாம் பூஞ்சை வழியாகவே வாழ்கின்றன என்று 1994இல் ஜொனதன் லீக் விரிவாக எடுத்துக்காட்டினார். பாடப்புத்தகங்கள் அந்தப் பழைய சொல்லை அதற்குப் பின்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. சொல் செத்தாலும் அச்சு சாகாது.

2003இல் பிடார்ட்டோண்டோ, ப்ரன்ஸ், டேவிட் ரீட் முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இங்கிலாந்து, பிரான்ஸ், போர்ச்சுகல் என்று நான்கு இடங்களிலிருந்து வெள்ளைச் செடியை எடுத்துப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் உள்ளே இருந்தது துலாஸ்னெல்லாதான். அதே துலாஸ்னெல்லா சுற்றியிருந்த மரங்களின் வேர்நுனிகளிலும் உறை போர்த்தியிருந்தது. இந்தப் பூஞ்சை அப்படி மர வேரோடு கூடும் என்பது அதுவரை அதிகம் தெரியாத செய்தி. பிறகு சிறு கூடுகளில் பிர்ச் கன்று, பூஞ்சை, ஈரல் செடி மூன்றையும் சேர்த்து வளர்த்தார்கள். பூஞ்சை இல்லாத இடத்தில் ஈரல் செடி வளரவில்லை. பிர்ச் கன்றின் இலைகளுக்குக் கதிரியக்கக் கார்பன் கலந்த கரியமில வாயுவைக் கொடுத்தார்கள். அந்தக் கார்பன் பூஞ்சை வழியாக வந்து வெள்ளைச் செடிக்குள் சேர்ந்தது.

ஆக மூன்றாவது ஆள் மரம். எங்கோ மேலே, வெயிலில், பிர்ச் இலை செய்த சர்க்கரை, வேருக்கு இறங்கி, பூஞ்சைக்குக் கைமாறி, மாஸுக்கு அடியில் வெளிச்சமே காணாத ஒரு செடியின் உடம்பாகிறது. வெள்ளைச் செடி ஒளிச்சேர்க்கையைக் கைவிடவில்லை என்றுகூடச் சொல்லலாம். தன் ஒளிச்சேர்க்கையை வேறொருவர் இலையில் வைத்திருக்கிறது. அந்தக் கட்டுரையின் தலைப்பில் ஒரு சொல் இருக்கிறது. தமிழில் சொன்னால், ஏமாற்று.

*

ஏமாற்று என்றால் ஒப்பந்தம் ஒன்று இருந்திருக்க வேண்டும். யார் யாரிடம் கையெழுத்துப் போட்டார்கள்? மரம் சர்க்கரை கொடுக்கிறது, பூஞ்சை தண்ணீரும் பாஸ்பரசும் கொடுக்கிறது, ஆகவே அது நியாயமான வணிகம்; வெள்ளைச் செடி எடுத்துக்கொள்கிறது, எதுவும் கொடுப்பதாகத் தெரியவில்லை, ஆகவே அது மோசடி. அந்த ஆய்வாளர்களின் சோதனையில் நான் குறை காணவில்லை, காண எனக்குத் தகுதியும் கிடையாது. ஆனால் சோதனையில் கார்பன்தான் நகர்ந்தது. மோசடி நகர்ந்ததைக் காட்டும் கருவி எதுவும் அந்தக் கூட்டில் இல்லை. அது சொல்லோடு வந்தது.

இது இன்று நேற்று வந்த நோயல்ல. 1869இல் ஸ்விட்சர்லாந்துக்காரரான ஸிமோன் ஷ்வெண்டெனர் லைக்கன் என்பது ஒரே உயிரல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்த இரட்டை என்று சொன்னார். மாபெரும் கண்டுபிடிப்பு. ஆனால் எப்படிச் சொன்னார்? பூஞ்சை எஜமான், பச்சைப் பாசிகள் அது வளைத்துப் பிடித்து வேலை வாங்கும் அடிமைகள் என்று. அடிமை முறையின் மேல் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து நான்கே வருடம். லைக்கன்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஜேம்ஸ் குரோம்பி என்ற பாதிரியார் இந்தக் கொள்கையைச் சிறைப்பட்ட பாசிக் கன்னிக்கும் கொடுங்கோலன் பூஞ்சைக்கும் நடந்த முறையற்ற கலியாணம் என்று 1870களில் கேலி செய்தார். ஒருவர் எஜமான் அடிமை என்கிறார், மற்றவர் கன்னி கொடுங்கோலன் என்கிறார். நுண்ணோக்கியின் கீழே தெரிந்தது நூலிழையும் பச்சை உருண்டையும்தான். மீதி அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

இந்த இடத்தில் ஆன்டன் டி பாரிக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும். 1879இல் அச்சான உரையில் அவர் ஸிம்பயோஸிஸ் என்ற சொல்லை எடுத்து, வேறுபட்ட உயிர்கள் ஒன்றாக வாழ்வது என்ற அளவில் நிறுத்தினார். நன்மையா தீமையா என்ற கேள்வியைச் சொல்லுக்கு உள்ளே விடவில்லை. ஒட்டுண்ணி வாழ்வும் அவருக்கு ஸிம்பயோஸிஸில் ஒரு வகைதான். பிற்காலத்தில் அந்தச் சொல் பரஸ்பர உதவி என்று சுருங்கியது. தமிழில் கூட்டுயிர் வாழ்க்கை என்று பாடநூல் மொழிபெயர்த்தபோதும் அந்தச் சுருங்கிய பொருளே வந்தது. கூட்டு என்றதும் நமக்குக் கூட்டுக்குடும்பமும் கூட்டுறவுச் சங்கமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. (கூட்டுக்குடும்பத்தில் யார் யாரைத் தின்றார்கள் என்பது தனிக் கட்டுரை.) 1885இல் ஆல்பர்ட் ஃபிராங்க் மைகொரைசா, அதாவது வேர்ப்பூஞ்சை, என்ற சொல்லைத் தந்தார். பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது டிரஃபிள் காளானைப் பயிர்செய்ய வழி கண்டுபிடிக்க. டிரஃபிள் கிடைக்கவில்லை. காட்டு மரங்களின் வேரெல்லாம் பூஞ்சை போர்த்தியிருப்பதும், அது நோயல்ல என்பதும் கிடைத்தது. பூஞ்சை வேரைத் தொட்டால் அது வியாதிதான் என்று இருந்தவர்கள் இதை ஏற்க நெடுநாள் ஆயிற்று.

ஒட்டுண்ணி என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் இருக்கும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. பராசிடோஸ் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து உண்பவர். ஆரம்பத்தில் அது வசை அல்ல. ஏதென்ஸில் கோயில் விருந்தில் பங்கெடுக்கும் ஒரு மரியாதையான பொறுப்பு. பிறகுதான் நாடகக்காரர்கள் கையில் அது பணக்காரன் வீட்டில் ஜால்ரா போட்டுச் சாப்பிடும் கோமாளியாயிற்று. மிஷேல் ஸேர் 1980இல் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வானொலி இரைச்சல் என்ற பொருளும் உண்டு. அதே மொழியில் விருந்தளிப்பவருக்கும் விருந்தினருக்கும் ஒரே சொல். இரண்டையும் வைத்து ஸேர் ஆடும் ஆட்டம் தமிழில் அப்படியே வராது. ஆனால் நம்மிடம் வேறொன்று இருக்கிறது. விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை. பிறகு புதிதாய் வந்தவர். இன்று அவருக்கு இடும் சாப்பாடு. வருபவரும் உணவும் ஒரே சொல்லுக்குள். பாடநூல் செய்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிருக்கு ஓம்புயிர் என்றும் விருந்தோம்பி என்றும் பெயர் வைத்தார்கள். விருந்தோம்பலின் அதே ஓம்பல். வெள்ளைச் செடியின் செல்லுக்குள் பூஞ்சை விருந்தாக வருகிறது, விருந்தாகவே ஆகிவிடுகிறது. இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நம் பேச்சில் ஒட்டுண்ணியைவிடக் கூர்மையான வசை புல்லுருவி. துரோகிக்கும் ஓசிச்சோற்றுக்காரருக்கும் மேடைதோறும் வழங்கும் பட்டம். மாமரத்தில் கொத்தாகத் தொங்கும் அந்தச் செடியைப் போய்ப் பாருங்கள். பச்சைப் பசேலென்று இலை வைத்திருக்கும். தன் சர்க்கரையைத் தானே செய்யக்கூடியது. மரத்திடம் முதன்மையாக எடுத்துக்கொள்வது தண்ணீரும் உப்பும். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் அரைகுறையாய் எடுத்துக்கொள்வது வசையாகிவிட்டது. மாஸுக்கு அடியில் முழுக்க முழுக்க எடுத்துக்கொள்கிற வெள்ளைச் செடிக்கு 1933 வரை பெயர்கூட இல்லை. வசை இயற்கையைப் பார்த்து எழுவதல்ல, யார் கண்ணில் படுகிறார் என்பதைப் பார்த்து எழுவது.

இதெல்லாம் சொல் விளையாட்டுத்தானே, இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று ஒரு நண்பர் கேட்டார். கெட்டுத்தான் போயிற்று. யூதர்களை ஜெர்மானிய உடலின் ஒட்டுண்ணிகள் என்று நாஜிகள் திரும்பத் திரும்பச் சொன்னது உருவகமாகவே நின்றுவிடவில்லை. ஒட்டுண்ணியை என்ன செய்வது என்பது அந்தச் சொல்லிலேயே இருந்தது. மறுபக்கத்திலும் அந்தச் சொல் சட்டமாயிற்று. 1964இல் லெனின்கிராடில் ஜோசப் பிராட்ஸ்கி மேல் சமூக ஒட்டுண்ணி என்ற குற்றம் சாட்டி வழக்கு நடந்தது. கவிதை எழுதுவது உழைப்பு ஆகாது என்று தீர்மானித்தவர்கள் ஐந்து வருடம் வடக்கே அர்ஹான்கெல்ஸ்க் பக்கம் அனுப்பி உழைக்கச் சொன்னார்கள். ஒன்றரை வருடத்தில் திரும்பினார், பிறகு நாடு கடத்தப்பட்டார், 1987இல் நோபல் பரிசு வாங்கினார். உற்பத்தியாளர், சிதைப்பவர், ஒட்டுண்ணி என்று ஆறாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் அட்டவணைக்கும் அந்த நீதிமன்றத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. யார் உற்பத்தி செய்கிறார் என்ற கேள்விக்கு ஒரே விடையை வைத்துக்கொண்டு உயிர்களை நிறுத்தி விசாரிக்கும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இதற்கு எதிர்வினையாக ஒரு கனிந்த சொல்லாடலும் வந்திருக்கிறது. சூசன் ஸிமார்டும் உடனாய்வாளர்களும் 1997இல் பிர்ச்சுக்கும் டக்ளஸ் ஃபிர்ருக்கும் இடையே கார்பன் போய்வருவதைக் கனடாக் காட்டில் காட்டினார்கள். அதிலிருந்து காடு ஒரு வலைப்பின்னல், தாய்மரம் பிள்ளைகளுக்குப் பாலூட்டுகிறது, காட்டில் எல்லாம் அன்பு என்று புத்தகமும் படமுமாய்ப் பெருகிற்று. ஜஸ்டின் கார்ஸ்ட் முதலானோர் 2023இல் இதில் எவ்வளவுக்குக் காட்டில் எடுத்த சான்று இருக்கிறது என்று அலசி, சொன்னது அதிகம், நிறுவியது குறைவு என்றார்கள். எஜமான் அடிமைக் கதைக்கும் தாய்மரக் கதைக்கும் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. முன்னதில் பண்ணை, பின்னதில் குடும்பம். ரைசோம் என்று தெல்யூஸும் கத்தாரியும் சொன்னதைப் பூஞ்சை இழைமேல் ஒட்டிவிட்டு, இதோ அதிகாரமற்ற சமத்துவ வெளி என்று நம்மவர்கள் எழுதுவதும் இதே ரகம். ரைசோம் என்பது தாவரவியலில் இஞ்சி, மஞ்சள் மாதிரி மட்டத்தண்டு, பூஞ்சை அல்ல. சமத்துவமும் அங்கே தானாக விளைவதில்லை. இழைக்குள் சர்க்கரை போகிறது, யாரோ ஒருவர் கரைந்துபோகிறார்.

*

பெயர்களின் கதையில் ஒன்று பாக்கி. ஈரல் செடி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? மடல் ஈரல் வடிவில் இருக்கிறது, ஆகவே ஈரல் நோய்க்கு மருந்து. உருவ ஒற்றுமையே மருந்துக் குறிப்பு என்னும் இந்தச் சிந்தனை ஐரோப்பாவில் பாராசெல்சஸுக்கும் முந்தியது. உலகமே ஒன்றையொன்று ஒத்திருக்கும் குறிகளால் எழுதப்பட்ட பிரதி என்று 16ஆம் நூற்றாண்டு எப்படி வாசித்தது என்பதை ஃபூக்கோ 1966இல் விளக்கினார். அந்த அறிதல்முறை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. நாம் அதை ஈரலுருத் தாவரம் என்று மொழிபெயர்த்தபோது, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பழைய ஐரோப்பிய வைத்தியத்தையும் சேர்த்துத் தமிழில் இறக்குமதி செய்துகொண்டோம்.

கிரிப்டோதாலஸ் என்ற பெயருக்கும் ஆயுள் நீடிக்கவில்லை. பச்சை ஈரல் செடி ஒன்று உண்டு, அனீயூரா பிங்குயிஸ், ஈர மண்ணில் சாதாரணமாய்க் காண்பது. அதுவும் எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும், அதன் செல்களுக்குள்ளும் துலாஸ்னெல்லா குடியிருக்கும். ஆனால் அது வெயிலில் தன் சர்க்கரையைத் தானே செய்யும். 2008இல் விக்கெட்டும் கோஃபினேயும் டி.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பார்த்தபோது வெள்ளைச் செடி அனீயூரா குடும்ப மரத்துக்குப் பக்கத்தில் அல்ல, அதன் உள்ளேயே ஒரு கிளையாக உட்கார்ந்திருந்தது. தனிப் பேரினம் என்ற தகுதி போயிற்று. இப்போது பெயர் அனீயூரா மிராபிலிஸ். பச்சை இல்லை என்பதற்காகவே 75 வருடம் தனியாக ஒதுக்கி வைத்திருந்தோம் என்று இதற்கு அர்த்தம். வியப்பு மட்டும் பெயரில் மிஞ்சியது.

அதே வருடம் அதன் பசுங்கணிகத்தின் மரபணுத் தொகுதியையும் முழுக்கப் படித்தார்கள். பச்சை இல்லாத செடியில் பசுங்கணிகமா என்று கேட்காதீர்கள், இருக்கிறது, பச்சைதான் இல்லை. மார்கான்ஷியாவினுடையதை 1986இலேயே படித்து வைத்திருந்ததால் ஒப்பிட முடிந்தது. அங்கே ஏறக்குறைய 1,21,000 எழுத்துகள், இங்கே 1,08,000. பெரிய சுருக்கம் இல்லை. ஒளிச்சேர்க்கை வேலைக்கான ஜீன்களில் சில காணாமல் போயிருக்கின்றன. வேறு சில அதே இடத்தில் இருக்கின்றன, ஆனால் நடுவில் எழுத்து பிறழ்ந்து, வாசித்தால் பாதியில் நின்றுவிடும். வேலை போய்விட்டது, அதற்கான ஏற்பாடு முழுக்கக் கலைக்கப்படவில்லை. கைவிட்டது பரிணாமக் கணக்கில் வெகு சமீபத்தில் என்று இதிலிருந்து ஊகிக்கிறார்கள்.

பிர்ச் காட்டுக்குப் போகும் வாய்ப்பு யாருக்காவது வாய்த்தால் ஒரு சேதி. மாஸுக்கு அடியில் வெள்ளையாய் எதையாவது கண்டால் பூஞ்சையா செடியா என்று கையாலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பூஞ்சை இழைக்கற்றை நூல் மாதிரி இழுபடும். இந்தச் செடி படக்கென்று முறியும், சதைப்பற்றாக இருக்கும், அடியில் மெல்லிய வேரிழைகள் இருக்கும், காலம் வாய்த்தால் காம்பும் காயும் இருக்கும். பார்த்துவிட்டு மாஸை இருந்தபடியே மூடிவிட வேண்டும். வெளிச்சத்தால் அதற்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஈரம் போனால்தான் கஷ்டம்.